படம் வராவிட்டால்

“இது வரலைன்னா?”

அவரைப் பற்றி எங்கிருந்து சொல்லத் தொடங்கினாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பேன். அதனால் இதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். ஆட்டோ சொல்லியாச்சு என்றால், அது வரலைன்னா என்பார். பத்து மணிக்குக் கரண்ட் வந்துவிடும் என்றால், வரலைன்னா என்பார். சண்டை போடுகிற குரல் இல்லை, சந்தேகப்படுகிற முகமும் இல்லை. சமையலுக்கு உப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் கேட்பார். கைப்பையில் ஒரு குடை இருக்கும், கையில் இன்னொரு குடை இருக்கும். ஒன்று மக்கர் செய்தால் என்ன செய்வது என்பார்.

மில்லர்புரத்தில் தன் வீட்டு முன்னறையில் இரண்டு கணினி போட்டு, கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் மாவட்டத்து நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அக்கா என்று சொல்ல என் வயது இடம் கொடுக்கவில்லை. மேடம் என்றால் அவருக்குப் பிடிக்காது. நான் கூச்சக்காரன். வாசலில் போய் நின்று இருமுவேன். “வாங்க அண்ணாச்சி” என்று உள்ளிருந்து குரல் வரும். அப்படியே பழகிவிட்டோம். இங்கேயும் பெயரில்லாமலே இருக்கட்டும்.

என் தொழில் தார்பாய் தைப்பது. பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கடை. லாரிக்கு மூட, தோணியில் சரக்கை மூட, உப்பளத்தில் குவித்து வைத்த உப்பை மழையிலிருந்து மூட, எல்லாவற்றுக்கும் தைப்போம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. தமிழ் நன்றாக வாசிப்பேன். ஆங்கிலத்தில் எழுத்துகள் தெரியும், அவ்வளவுதான். கையில் ஊசி இருந்தால் எந்தத் துணிக்கும் பதில் சொல்வேன். ஆள் எதிரில் வந்து நின்றால்தான் நாக்கு உள்ளே போய்விடும்.

கடையில் மெஷினில் உட்காருகிற சந்தனமாரி இதற்கென்றே என்னைப் பாடாய்ப் படுத்துவாள். “அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் தார்பாய் தைக்கீங்க. உங்க வாயிக்கு யாரு தச்சுப் போட்டா?” என்பாள்.

மில்லர்புரத்து வீட்டுக்கு நான் முதலில் போனது வெயில் மழைக்கு மறைப்பாக வாசலுக்குத் துணிச் சாய்ப்பு அடிப்பதற்காக. அளவெடுத்து, நீலத் துணியை விரித்துக் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. இது கிழிஞ்சா?”

எல்லோரும் எவ்வளவு நாள் உழைக்கும் என்று கேட்பார்கள். கிழிந்தால் என்ன என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்துப்போனது.

“உள்ள இன்னொரு அடுக்கு குடுத்துரலாம். மேல உள்ளது போனாலும் கீழ உள்ளது தண்ணிய வாங்கிக்கிடும். ஓரத்த ரெண்டா மடிச்சு அடிச்சா காத்துக்கு நூல் பிரியாது. கயிறு போற ஓட்டைக்குப் பித்தளை வளையம் போடணும். இரும்பு போட்டா நம்ம உப்புக்காத்து தின்னுரும்.”

சொல்லி முடித்த பிறகுதான் இவ்வளவும் பேசியது நான்தான் என்று உறைத்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்படிப் பேசுதீங்க. உங்க கடைக்கு வெப்சைட் இருக்கா அண்ணாச்சி?”

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

“அது உங்களுக்காகப் பேசும்” என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஒப்புக்கொண்டேன். வியாபாரம் பெருகும் என்று அவர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன்.

அவருடைய கணினியை நான் பார்த்த முதல் நாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. திரையில் ஒரு மஞ்சள் உறையைத் திறந்தார். உள்ளே வரிசையாகக் கோப்புகளின் பெயர்கள்.

“பேரைப் பாக்காதீங்க. பேரு நம்ம இஷ்டத்துக்கு வைக்கது. புள்ளிக்கு அப்புறம் ஒரு வாலு இருக்கு பாத்தீங்களா, அதுதான் ஆளு யாருன்னு சொல்லும்.”

பிறகு ஒவ்வொரு வாலாகக் காட்டினார். எச்டிஎம்எல் என்று முடிவது பேசுகிற ஆள். தலைப்பு எது, பத்தி எது, எந்தப் படம் எந்த இடத்தில் என்று சொல்வது அதன் வேலை. சிஎஸ்எஸ் என்று முடிவது உடுப்பு. “இத எடுத்துட்டா பக்கம் குளிச்சிட்டு வந்த பிள்ள மாதிரி நிக்கும். பேச்சு மாறாது.” ஜேஎஸ் என்று முடிவது அசைவு, தொட்டால் விரிவது, தள்ளினால் நகர்வது எல்லாம் அதன் சேட்டை. ஜேபிஜி என்றால் போட்டோ. பிஎன்ஜியும் படம்தான், ஆனால் உருவத்துக்குப் பின்னால் இருக்கிற வெள்ளையை எடுத்துவிட்டு வெறும் உருவத்தை மட்டும் ஒட்ட வைக்கும். தார்பாயில் அச்சுத் தகடு வைத்து எழுத்தடிக்கும்போது துணியின் நீலம் சுற்றித் தெரியுமே, அதேதான். எனக்கு ஒவ்வொன்றும் கையில் தொட்டதுபோலப் புரிந்தது. புரிகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு நாள் எனக்கு வாய்க்கவில்லை.

அதைவிடப் பெரியது அடுத்து வந்தது. என் கடைக்கு ஒரு அடையாளம் வேண்டும் என்று ஊசியும் அலையும் சேர்ந்தாற்போல வரைந்து வைத்திருந்தார். அதை இரண்டு விதமாக வைத்திருந்தார். ஜேபிஜியைப் பெரிதாக்கினார்; ஊசி முனை கட்டம் கட்டமாக உடைந்து, செங்கல் சுவர் மாதிரி ஆனது. அடுத்ததைப் பெரிதாக்கினார். பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்க ஊசிக் காது ஒன்றுதான். ஓரம் பிசிறே இல்லை.

“இதோட வாலு எஸ்விஜி. இது படமே இல்ல அண்ணாச்சி. படம் போடுத கணக்கு.”

அதை வேறு ஒன்றில் திறந்து காட்டினார். படத்தைக் காணோம்! எழுத்தும் எண்ணும் மட்டும். இங்கிருந்து அங்கே கோடு, அங்கிருந்து இத்தனை வளைவு. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். லாரித் தார்பாயில் பெரிய எழுத்து போட வேண்டுமென்றால் நாங்களும் இதைத்தானே செய்கிறோம்? சின்னத் தாளில் கட்டம் போட்டு, துணியில் சாக்குக்கட்டியால் அதையே பெரிய கட்டமாகப் போட்டு, மூலைக்கு மூலை கணக்கை மாற்றிக்கொண்டு போவோம். அதைச் சொன்னேன். திக்கித் திணறித்தான் சொன்னேன்.

“அதேதான்” என்று மேசையைத் தட்டினார். “நீங்க ஏற்கெனவே எஸ்விஜி ஆளுதான்.”

கடைக்கு வந்து சந்தனமாரியிடம் இதைச் சொன்னேன். “வாலு, கணக்குன்னு என்னத்தயோ சொல்லுதீங்க. காய்ச்சலா?” என்றாள். மறுநாள் அவளே தன் போனில் ஒரு போட்டோவின் வாலைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து காட்டினாள்.

அவருடைய கணவர் கப்பலில் வேலை செய்தார். வருவேன் என்று சொன்ன தேதியில் வந்ததே இல்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கப்பல் வேறு துறைமுகத்துக்குத் திரும்பிவிடும், இல்லையென்றால் மாற்றாள் வந்து சேரமாட்டார். ஒரு பொங்கல் சமயத்தில் நான் போனபோது கேக் ஒரு துண்டு தட்டில் வைத்துக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் முடிந்து இவ்வளவு நாள் கழித்துக் கேக்கா என்று நான் பார்த்தேன்.

“ரெண்டு போட்டேன் அண்ணாச்சி. ஒண்ணு, வந்தா கிறிஸ்துமஸுக்கு வெட்ட. ஒண்ணு, வரலைன்னா வாரப்ப வெட்ட. நேத்துதான் வந்தாரு.”

உள்ளே ஓர் ஆண் குரல் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினார். அன்று முழுக்க அவர் எதற்கும் ‘வரலைன்னா’ என்று கேட்கவில்லை.

இணையதள வேலைக்கு வருகிறேன். படங்களெல்லாம் எடுத்தாயிற்று: மடித்த தார்பாய், விரித்த தார்பாய், மூலை, வளையம், உப்புக் குவியல் மேல் போட்டுக் கட்டியது. அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே என் கடை மேல் மரியாதை வந்தது. அவர் எதையோ தட்டினார். படங்கள் எல்லாம் மறைந்து, அந்தந்த இடத்தில் கிழிந்த தாள்போல ஒரு சின்னக் குறி மட்டும் நின்றது.

“நெட்டு கெட்டுக் கிடக்க எடத்துல இப்படித்தான் தெரியும். படம் வரலைன்னா பாக்குதவனுக்கு என்ன தெரியணும்?”

“ஒண்ணும் தெரியலையே.”

“அதான் கூடாது. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலயும் பேச்சு வைக்கணும். கண்ணு தெரியாத ஆளு வந்தாலும் கம்ப்யூட்டர் அத வாசிச்சுச் சொல்லும். சொல்லுங்க, இந்தப் படத்துல என்ன இருக்கு?”

“தார்பாய்.”

“எனக்குத் தெரியாதா? கண்ண மூடிக்கிடுதேன். எனக்குச் சொல்லுங்க.”

உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டார். எதிரில் ஆள் இருந்தும் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு நாக்கு அவிழ்ந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடியபடியே தட்டச்சு செய்தார். ஒரு இடத்தில் ‘மிகச் சிறந்த தரமான’ என்று எங்கோ நோட்டீஸில் பார்த்ததைச் சொன்னேன். “அது நீங்க இல்ல” என்று அழித்துவிட்டார். மத்தியானம் வரை இது நடந்தது. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் என் பேச்சு போய் உட்கார்ந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஆறுமுகநேரியிலிருந்து ஓர் உப்பள முதலாளி போன் செய்தார். அவருடைய உப்புக் குவியல்கள் எல்லாவற்றுக்கும் தார்பாய் வேண்டும். கயத்தாறு பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே படம் அனுப்பியிருக்கிறார். “எனக்கு நேர்ல வார நேரமில்ல. வெப்சைட் இருந்தா அனுப்புங்க. நாளைக்குக் காலைல பாத்து யாருக்குன்னு முடிவு பண்ணிருவேன்” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

“போன்ல தலைய ஆட்டுனா அவருக்கு எங்கன தெரியும்? வாயத் தொறந்து சரின்னு சொல்லுங்க” என்று சந்தனமாரி என் முதுகில் இடித்தாள்.

அந்த வருஷம் வேறு வேலை கிடையாது. இது கிடைக்காவிட்டால் மழைக்காலம் முழுக்க மெஷினைத் துணி போட்டு மூட வேண்டியதுதான். சந்தனமாரி இறால் கம்பெனிக்குப் போவதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். அவள் போய்விட்டால் கடையும் போன மாதிரிதான்.

மில்லர்புரத்துக்கு ஓடினேன். பக்கம் தயார், ஆனால் இன்னும் ஏற்றவில்லை. தெருவில் சாக்கடைக்குத் தோண்டுகிறவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். அவர் நாசரேத்தில் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு விடியற்காலை கிளம்ப வேண்டும். பதறவே இல்லை. இரண்டு பென்டிரைவ் எடுத்துக் கொடுத்தார்.

“ஒண்ணு படிக்கலைன்னா இன்னொண்ணு. பிரவுசிங் சென்டர்காரர்கிட்ட எங்கன ஏத்தணும்னு போன்ல சொல்லிட்டேன். இந்த உறைக்குள்ள உள்ளத ஏத்தச் சொல்லுங்க.”

பிரவுசிங் சென்டரில் எனக்குப் பின்னால் பெரிய வரிசை. ஏதோ பரீட்சைக்கு அனுமதிச்சீட்டு எடுக்க வந்த கூட்டம். நெட் ஊர்ந்தது. கடைக்காரர் உறையைத் திறந்து, “இவ்வளவும் ஏத்தணுமா அண்ணாச்சி? நேரமாகுமே. எது மெயினு?” என்றார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டது என் கழுத்தில் பட்டது.

நான் எச்டிஎம்எல் வாலுள்ள ஒன்றைக் கை காட்டினேன். அதைத் தட்டினால்தான் பக்கம் முழுவதும் வரும், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடுப்பையும் படங்களையும் அதற்குள் வைத்துத் தைத்தாகிவிட்டது என்று நினைத்தேன். மற்றதெல்லாம் தைத்து முடித்த பிறகு மெஷினடியில் கிடக்கிற துண்டும் நூற்கண்டும். அதையெல்லாம் யாராவது சரக்கோடு சேர்த்துக் கட்டி அனுப்புவார்களா? ஏற்றிய பிறகு, பென்டிரைவில் உள்ளதைத் தட்டித் திறந்தும் பார்த்தேன். நீலமும் படமுமாக ஜொலித்தது. முதலாளிக்கு முகவரியை அனுப்பச் சந்தனமாரியிடம் சொல்லிவிட்டு, காற்றில் நடந்து வீட்டுக்குப் போனேன்.

காலையில் கடை திறக்கும்போதே சந்தனமாரி போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, ஒரு படத்தையும் காணோம். கலரையும் காணோம். வெறும் எழுத்துதான் நிக்கி.”

வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. இடையிடையே கிழிந்த தாள் குறிகள். நாசரேத் பஸ்ஸில் இருந்த அவருக்குப் போன் போட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே குரல் கேட்டது.

“எந்தெந்த வாலு ஏத்துனீங்க?”

“ஒண்ணுதான்.”

“மத்ததெல்லாம்?”

“துண்டுத் துணின்னு நெனச்சு...”

அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள், அப்படி ஒரு சிரிப்பு.

“அண்ணாச்சி, அதுகளத் தைக்கலை. பக்கத்துல வச்சுக் கூப்பிட்டுக்கிடுதோம். பக்கம் கூப்பிடும்போது அதுகளும் அங்கன இருக்கணும். போகட்டும். குறிக்குப் பக்கத்துல எழுத்து தெரியுதா? நாம அன்னைக்குப் பேசினது?”

“தெரியுது.”

“அப்ப பேச்சு நிக்கி. நீங்க போயி மத்ததயும் ஏத்துங்க.”

நான் பென்டிரைவைத் தேடிக்கொண்டு செருப்பை மாட்டும்போது போன் அடித்தது. முதலாளி. சந்தனமாரி எடுத்து என் காதில் வைத்து அழுத்தினாள்.

“ஒரு படமும் தெறக்கலையே” என்றார் அவர். “சரி, எழுத்தயாவது பாப்போம்னு பாத்தேன். ‘உப்பு மேல போட்டுக் கட்டிய தார்பாய். ஓரம் ரெண்டு மடிப்பு. கயிறு மேல்காத்துக்கு எதிர்ப்பக்கம் இழுத்திருக்கு, அதனால அடியில காத்து நுழையாது. இரும்பு வளையம் இல்ல, பித்தளை. உப்புல இரும்புக் கறை எறங்காது.’ இத எழுதுனது யாரு?”

“நான் சொன்னதுதான்.”

“படம் எல்லாவனும் அனுப்புதான். நீலமா ஒரு சதுரம். போன வருஷம் எனக்கு வளையத்துல இருந்து கறை எறங்கி அத்தன உப்பும் போச்சு. அத ஒருத்தன் சொல்லலையே. அந்தக் கயித்த எங்கன இழுக்கச் சொல்லுதீங்க, வெளக்கமாச் சொல்லுங்க.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதிரில் யாரும் இல்லை. சொன்னேன். காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் திரும்பும், குவியலின் தலையில் துணி எவ்வளவு தொளதொளப்பாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்காமல் எந்த மடிப்பில் வழிய வேண்டும், எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே கேட்டார், அதற்கும் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது சந்தனமாரி நூலைக் கையில் பிடித்தபடி வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள்.

“மழைக்கு முந்தி தந்துருவீங்களா?” என்றார் முதலாளி.

“தந்துருவோம்” என்றேன். வாயைத் திறந்துதான்.

போனை வைத்ததும் அவள், “உங்க வாயில போட்ட தார்பாய் கிழிஞ்சிட்டு” என்றாள். மெஷின் மேல் மூடியிருந்த துணியை உருவி எறிந்தாள். மழை தொடங்கும் வரை எங்கள் கடையில் விளக்கு அணையவில்லை.

கல்யாணம் முடிந்து அவர் திரும்பியதும் மற்ற வால்களையும் ஏற்றினோம். நீலம் வந்தது, ஊசியும் அலையும் வந்தன, படங்கள் ஒவ்வொன்றாக எழும்பி நின்றன. அவர் நாற்காலியில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கப்போகிறார் என்று தெரிந்து, முந்திக்கொண்டு நான் சொன்னேன்.

“வரலைன்னாலும் பரவால்ல.”

அவர் அன்று சிரித்த மாதிரி ஒருவரும் என் பேச்சுக்குச் சிரித்ததில்லை.

சில வருஷம் கழித்து அவருடைய கணவருக்கு வேறொரு துறைமுக ஊரில் கரைவேலை கிடைத்தது. இனி தேதி தப்ப வழியில்லை என்று சொல்லி வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். சாய்ப்பைக் கழற்றித் தரட்டுமா என்று கேட்டேன். அடுத்து வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்றார். பிறகு எண் மாறிவிட்டது. அந்தச் சாய்ப்பில் மேல் துணி போன ஆடியில் கிழிந்தது. உள் அடுக்கு இன்னும் நிற்கிறது.

இப்போதெல்லாம் புதுப் படங்களை நானே ஏற்றுகிறேன். வாலைச் சரிபார்த்து, இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, பின்னால் எழுத வேண்டிய பேச்சைக் கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்து எழுதுகிறேன். அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. ஆகவே பேச்சை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மில்லர்புரத்தில் ஒரு வாசல். நீலச் சாய்ப்பு, உள்ளே இன்னொரு அடுக்கு. அதன் கீழே ஒரு பெண் நிற்கிறார். பையில் ஒரு குடை, கையில் ஒரு குடை. மழை இன்னும் தொடங்கவில்லை. தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.